உப்பளத்து விரலும் கண்ணாடித் திரையும்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே பிரயாணம் செய்கிறவர்கள் மரக்காணத்தை நெருங்கியதும் ஜன்னல் பக்கம் திரும்பாமல் இருக்க மாட்டார்கள். கண்ணுக்கு எட்டிய மட்டும் பாத்தி பாத்தியாக நீர் தேங்கிய நிலம். அதன் வரப்புகளில் வெள்ளை வெளேரென்று சிறு குன்றுகள். நடுவெயிலில், நீண்ட காம்புடைய பலகையைப் பிடித்து, முழங்காலுக்குக் கீழே உவர்நீரில் நின்றுகொண்டு உப்பை வாரும் ஆண்களும் பெண்களும். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூர்தான் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் சங்க காலத்திலிருந்தே இக்கரை பேர் பெற்ற கரை.

இவ்வளவு பழைய ஊருக்கும், இவ்வாரம் நாம் எழுத எடுத்துக்கொண்டிருக்கும் தொடுதிரை என்னும் நவீன விஷயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் விரலில் இருக்கிறது.

உப்பு வாரும் விரலை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? ஆறு ஏழு மாதம் உவர்நீரில் ஊறி, பலகைக் காம்பில் தேய்ந்து, காய்ப்பு ஏறி, வெடித்து, ரேகைகள் மங்கிப் போன விரல் அது. இன்றைக்கு அந்த விரலையுடையவரிடமும் செல்போன் இருக்கிறது. வேலைக்கு நடுவே மணியடித்தால் அவர் என்ன செய்கிறார்? கையை உதறுகிறார், முந்தானையிலோ துண்டிலோ துடைக்கிறார், கண்ணாடியைத் தொடுகிறார். கண்ணாடி அசைவதில்லை. மறுபடியும் துடைக்கிறார், மறுபடியும் தொடுகிறார். சில சமயம் தொட்ட இடம் ஒன்றாகவும் திறக்கும் பக்கம் வேறாகவும் இருக்கும். இதற்குள் கூப்பிட்டவர் அலுத்துப் போய்விடுகிறார். மேஜையருகே உட்கார்ந்து பேனா பிடிக்கும் நமது விரலுக்கு உடனே தலை வணங்கும் அதே கண்ணாடி, உழைக்கும் விரலைக் கண்டால் மட்டும் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்?

காரணம் எளியது. செல்போன் திரை விரலைப் பார்ப்பதில்லை. அதிலுள்ள மின்சாரக் குணத்தை அளக்கிறது. கண்ணாடியின் உட்புறம், கண்ணுக்குத் தெரியாத ஒரு கடத்தும் பூச்சு வலைபோல் கட்டங் கட்டமாகப் பதிந்திருக்கிறது. நமது உடலோ உப்புநீர் நிறைந்த பாத்திரம். அதனால் அதுவும் மின்சாரத்தைக் கடத்தும். விரல் கிட்டே வந்தால் அந்த வலையில் ஓர் இடத்தில் மின்னேற்றம் சற்றே மாறும். அந்த மாற்றத்தை வைத்து விரல் இருக்கும் இடத்தை யந்திரம் கணக்கிடுகிறது. ஆகவே, நம்முள் உப்பு இருப்பதால்தான் இந்தக் கண்ணாடி நம்மை அறிகிறது. விநோதம் என்னவென்றால், அதே உப்பு நீர் விரலின் வெளியே வழிந்து திரையில் படர்ந்துவிட்டால், விரல் எது, நீர் எது என்று அதற்குத் தெரிவதில்லை. காய்ந்து தடித்த தோலாயிருந்தால் அதற்கு வேறு தொல்லை: இடையிலுள்ள அந்தத் தடிப்பே மின் தொடர்பை மெலியச் செய்துவிடுகிறது. உவர்நீரும் காய்ப்பும் ஒருங்கே சேர்ந்த கைக்கு இரட்டைத் தண்டனை.

அப்படியானால், விரலை அளக்காமல் விரலைப் பார்க்கும் திரை ஒன்று உண்டா? உண்டு. அதைக் கடையில் வாங்க வேண்டியதுமில்லை. எவரோ கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் திரை ஒன்றும், ஒரு சிறு காமிராவும், சில விளக்குகளும் கிடைத்தால் வீட்டிலேயே செய்யலாம். ஒரு விரல் அல்ல, பத்து விரலையும் ஒரே சமயத்தில் அது அறியும். உலகெங்கும் எத்தனையோ இளைஞர்கள் தங்கள் வீட்டு முன்னறையில் அதைச் செய்திருக்கிறார்கள்.

இதன் பூர்வோத்தரம் சுவையானது. பல விரல்களை அறியும் முதல் கருவிகளுள் ஒன்றைக் கனடா தேசத்து டொரண்டோ சர்வகலாசாலையில் 1982-ஆம் ஆண்டு நிமிஷ் மேத்தா என்ற மாணவர் தமது பட்ட ஆராய்ச்சிக்காகச் செய்தார். பெயரைப் பார்த்தாலே நமது தேசத்துப் பெயர் என்று விளங்கும். அவர் செய்தது பெரிய மாயமன்று. பனி படர்ந்ததுபோல் மங்கலாக்கிய ஒரு கண்ணாடிப் பலகை. அதன் பின்னால் ஒரு காமிரா. விரல் பட்ட இடம் கரும்புள்ளியாகத் தெரியும். புள்ளி எங்கே என்று யந்திரம் பார்த்துக்கொள்ளும். அவ்வளவுதான்!

பிறகு வந்தவர்களில் வெய்ன் வெஸ்டர்மன் என்பவரை நாம் விசேஷமாகக் குறிப்பிட விரும்புகிறோம். அமெரிக்காவில் டெலாவேர் சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்தபோது, ஓயாமல் விசைப்பலகையைத் தட்டியதால் அவருக்குக் கை நோவு கண்டது. அழுத்த வேண்டாத, மெல்லத் தொட்டாலே போதுமான ஒரு பரப்பு வேண்டும் என்று அவர் தேடினார். அவரும் அவருடைய பேராசிரியர் ஜான் ஈலியாஸும் சேர்ந்து ஆரம்பித்த சிறு கம்பெனியை 2005-ல் ஆப்பிள் கம்பெனி வாங்கிக்கொண்டது. 2007 ஜூனில் ஆப்பிள் செல்போன் வெளிவந்து உலகத்தைத் தொடுதிரைப் பைத்தியமாக அடித்த கதை எல்லோரும் அறிந்தது. நோவு கண்ட ஒரு கைக்காகத் தேடிய வித்தை அது என்பதைத்தான் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

நாம் இன்று சொல்லப் போகும் வழி வேறு ஒருவருடையது. நியூயார்க் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜெஃப் ஹான் 2005-ல் அதை ஒரு கட்டுரையாக வெளியிட்டார். 2006 பிப்ரவரியில் ஒரு சபையின் முன்னே செய்து காட்டினார். அவருடைய தத்துவத்தை விளங்கிக்கொள்ள ஆய்வுக்கூடம் வேண்டாம், சமையலறை போதும். ஒரு கண்ணாடித் தம்ளரில் நீர் நிரப்பி, வெளிப்புறம் ஈரமில்லாமல் துடைத்துவிட்டுக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். மேலிருந்து நீரின் வழியாகத் தம்ளரின் உட்சுவரைப் பாருங்கள். சுவர் வெள்ளித் தகடு போல் பளபளக்கும். அதற்கு வெளியே இருக்கும் உங்கள் விரல் தெரியாது. இப்போது விரலைச் சற்று நனைத்து அழுத்துங்கள். அழுத்திய இடத்தில் மட்டும் விரலின் ரேகைகள் சித்திரம் போல் தோன்றும்!

கண்ணாடிக்குள் சாய்வாகச் செல்லும் ஒளி, வெளியே காற்றைச் சந்திக்கும்போது வெளியேற வழியின்றி முழுவதும் திரும்பிவிடுகிறது. அதனால்தான் அந்த வெள்ளிப் பளபளப்பு. விரல் ஒட்டிய இடத்தில் காற்று இல்லை. ஆகவே சிறைப்பட்ட ஒளி அங்கே கசிந்து வெளியேறிச் சிதறுகிறது. ஒரு அக்ரிலிக் பலகையின் நான்கு ஓரங்களிலிருந்தும் உள்ளே ஒளியைச் செலுத்தினால் அந்த ஒளி பலகைக்குள்ளேயே முட்டி மோதித் திரிந்துகொண்டிருக்கும். விரல் தொட்ட இடத்தில் மட்டும் கசிந்து கீழ்நோக்கிச் சிதறும். பலகைக்குக் கீழே காமிரா வைத்தால், தொட்ட விரல்கள் ஒவ்வொன்றும் நட்சத்திரம்போல் ஒளிரக் காணலாம். கண்ணுக்குத் தெரியும் ஒளியாயிருந்தால் படத்தைக் கெடுக்கும். ஆகவே தொலைக்காட்சிப் பெட்டியை இயக்கும் ரிமோட்டில் இருப்பதுபோன்ற அகச்சிவப்பு ஒளியை உபயோகிக்கிறார்கள்.

நேயர்கள் கவனித்தீர்களா? தம்ளரில் ஈர விரலே நன்றாகத் தெரிந்தது. செல்போன் எந்த ஈரத்தைக் கண்டு மிரள்கிறதோ, அதே ஈரம் இங்கே அனுகூலமாக மாறிவிடுகிறது. உப்பளத்து விரலுக்கென்றே ஒரு திரை செய்யச் சொல்லியிருந்தாலும் இதைவிடப் பொருத்தமாக அமைந்திராது.

ஆனால் பலகையில் படம் எப்படித் தெரியும்? ஜெஃப் ஹான் பின்னாலிருந்து சினிமாப் படம்போல் ஒளியை வீசிக் காட்டினார். அதற்கு விலையுயர்ந்த யந்திரமும் பெரிய அறையும் வேண்டும். இங்கேதான் பழைய எல்.சி.டி. திரை நமக்கு உதவிக்கு வருகிறது. அதைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும்; ஏனெனில் அதில் நம்மவர்களின் பங்கும் இருக்கிறது.

1888-ல் பிராக் நகரில் ஃபிரீட்ரிக் ரைனிட்ஸர் என்ற தாவர சாஸ்திரி ஒரு பொருளைச் சூடாக்கிப் பார்த்தார். 145.5 டிகிரியில் அது உருகிக் கலங்கல் திரவமாயிற்று, 178.5 டிகிரியில் அந்தக் கலங்கல் தெளிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலையா என்று அவர் திகைத்தார். திரவம்போல் ஓடும், ஆயினும் படிகம்போல் அணுத்திரள்கள் ஒழுங்காக நிற்கும். திரவப் படிகம் என்பது அதுதான். அதே 1888-ஆம் ஆண்டு நவம்பரில் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் சர். சி. வி. ராமன் பிறந்தார் என்பது வெறும் தற்செயல்தான். ஆனால் அந்தத் தற்செயலுக்குப் பின்னால் ஒரு தொடர்ச்சி உண்டு. ராமனுடைய சகோதரியின் புதல்வர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர், பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் 1977-ல் தம் சகாக்களுடன் ஒரு புதுவிதத் திரவப் படிகத்தைக் கண்டுபிடித்தார். அதுவரை அறிந்த திரவப் படிக அணுத்திரள்கள் பெரும்பாலும் குச்சி வடிவானவை. இவருடையவையோ நாணயங்களை அடுக்கி வைத்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக நின்ற வட்டத் தகடுகள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் எல்.சி.டி. திரையில் படம் மங்கிப் போகும் குறையைத் தீர்க்க, 1990-களில் ஜப்பானியர் இத்தகைய வட்டத்தகட்டுப் படிகத்தாலான மெல்லிய தாளைத் திரையில் ஒட்டினார்கள். குறை பெரிதும் நீங்கியது. நட்சத்திரங்களை ஆராய்ந்து நோபெல் பரிசு பெற்ற சந்திரசேகர் வேறு. அவரும் ராமனுக்குச் சகோதரன் மகன்தான். ஒரே குடும்பத்தில் ஒரே பெயரில் இரண்டு மேதைகள் தோன்றினால் பத்திரிகைக்காரர்களின் பாடு திண்டாட்டந்தான்!

இந்தச் சந்திரசேகர் பிறந்தது 1930-ல். அந்த வருஷந்தான் ஏப்ரல் 30-ந் தேதி ராஜாஜி வேதாரண்யத்தில் உப்பை அள்ளிச் சட்டத்தை மீறினார். வெளியூரான் அனுமதியில்லாமல் நம் கையால் உப்புச் செய்யக்கூடாது என்றிருந்த காலம் அது.

இனி, திரைக்குள் புகுவோம். எல்.சி.டி. திரை தானாக ஒளி வீசுவதில்லை. அது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே திரவப் படிகத்தை வைத்து, இருபுறமும் ஒளியை ஒரு திசையில் மட்டும் விடும் தாள்களை ஒட்டிய ஒரு ஜன்னல். பின்னாலிருக்கும் விளக்கொளியை இடத்துக்கிடம் விட்டும் தடுத்தும் அது படம் காட்டுகிறது. ஆனால் அந்தத் தாள்களின் கட்டுப்பாடு கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு சரி. அகச்சிவப்பு ஒளியை அவை தடுப்பதில்லை. திரையில் கன்னங்கரேலென்று தோன்றும் இடத்தின் வழியாகவும் அகச்சிவப்பு ஒளி தாராளமாக ஊடுருவிச் செல்லும்! ஆகவே படம் முன்னால் தெரிந்துகொண்டிருக்கும்போதே, பின்னால் இருக்கும் காமிரா அதே ஜன்னல் வழியாக விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

செய்முறையைக் கூறுகிறோம். சென்னை ரிச்சி தெருவிலோ, உள்ளூர்ப் பழைய சாமான் கடையிலோ, படம் தெரியும் நிலையிலுள்ள 17 அங்குல எல்.சி.டி. திரை ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். மின் இணைப்பை நீக்கிக் குறைந்தது ஒருநாள் சும்மா வைத்துவிடுங்கள். உள்ளே மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் உறுப்புகள் உண்டு. பழைய திரைகளில் பின்விளக்குக்கு ஆயிரம் வோல்ட் அளவில் மின்சாரம் போகும். அந்த மெல்லிய குழாய் விளக்குகளில் பாதரசமும் இருக்கிறது; உடைக்காமல் எடுத்துத் தனியே வைக்க வேண்டும். சிறுவர்கள் இந்தக் கட்டத்தில் பெரியவர்களைக் கூப்பிடுவது புத்திசாலித்தனம்.

சட்டத்தைக் கழற்றினால் முன்னே கண்ணாடித் திரை, அதன் பின்னே தாள்கள் பல, அதன் பின்னே தடித்த பலகை, கடைசியில் வெள்ளைத் தாள் என்று வெங்காயத் தோல்போல் வரும். கண்ணாடியின் ஓரத்தில் பழுப்பு நிற நாடாக்கள் சில ஒட்டியிருக்கும். உயிர் நாடி அவைதாம். ஒரு நாடா கிழிந்தாலும் திரையில் நெடுங்கோடு விழுந்துவிடும். ஒட்ட வைக்க முடியாது. அவசரக்காரர்கள் தோற்பது இந்த இடத்தில்தான். தாள்களில் பால்போல் வெண்மையாயிருந்து ஒளியைப் பரப்பும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, கண்ணாடியின் முதுகோடு சேர்த்துப் பொருத்துங்கள். மினுமினுக்கும் வரித்தாள்கள் காமிராவின் பார்வையைக் கலைக்கும், அவை வேண்டாம்.

உட்புறம் வெள்ளையடித்த மரப்பெட்டி ஒன்று வேண்டும். அதன் மேல்முகத்தில் திரையும், உட்சுவரோரங்களில் வெள்ளை எல்.இ.டி. விளக்கு நாடாவும், அடித்தளத்தில் காமிராவும் அமையும். சாதாரண வெப் காமிரா 60 டிகிரி அகலம் பார்ப்பதாயிருந்தால், 17 அங்குலத் திரை முழுவதும் தெரிய அதை ஏறக்குறைய 15 அங்குலத் தூரத்தில் வைக்க வேண்டும். 32 அங்குலத் திரையானால் இரண்டேகால் அடிக்குச் சற்று மேல். காமிராவின் கண்ணாடிக்குப் பின்னால், அகச்சிவப்பைத் தடுக்கும் சிறு சில்லு ஒன்று உண்டு. அதை மெதுவாக எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒளிபட்டுக் கறுத்த பழைய புகைப்படச் சுருளின் நுனித் துண்டு இரண்டை வையுங்கள். இப்போது காமிராவுக்கு நம் உலகம் இருட்டு. அகச்சிவப்பு மட்டுமே வெளிச்சம். ரிமோட்டை அதன் முன்னே நீட்டி ஒரு பொத்தானை அழுத்தினால் ஒளி மின்னுவதைக் காணலாம்.

திரைக்கு மேலே 8 முதல் 10 மில்லிமீட்டர் தடிப்புள்ள அக்ரிலிக் பலகை. அதன் ஓரங்களை உப்புத்தாளால், முரட்டுத் தாளில் தொடங்கி மெல்லிய தாளில் முடித்து, கண்ணாடிபோலாகும் வரை தேய்க்க வேண்டும். உப்பளத்துக் கட்டுரையில் உப்புத்தாளும் வந்து சேர்ந்தது! ஓரங்களைச் சுற்றி அகச்சிவப்பு எல்.இ.டி. விளக்குகள். 12 வோல்ட் மின்சாரத்தில் ஏழு விளக்குகளை வரிசையாகக் கோத்து, 47 ஓம் தடை ஒன்றைச் சேர்த்தால் சுமார் 50 மில்லியாம்பியர் ஓடும். விளக்குகள் நீடித்து உழைக்கும். இப்படிச் சில வரிசைகள். விளக்குக்குப் பதில் அகச்சிவப்பு லேஸரை உபயோகிப்பவர்களும் உண்டு. நாம் அதைச் சிபாரிசு செய்ய மாட்டோம். கண்ணுக்குத் தெரியாத கதிரானதால் கண் தானாக மூடிக்கொள்ளாது, பார்வைக்கு ஆபத்து. காய்ப்பேறி உலர்ந்த விரல் பலகையோடு நன்றாக ஒட்டாது என்பதால், மேலே மெல்லிய சிலிக்கோன் படலம் ஒன்றை விரிப்பது வழக்கம். விரலின் அழுத்தத்தால் அந்தப் படலம் பலகையோடு ஒட்டி, ஒளியைக் கசிய வைக்கும். உவர்நீர்க் கைக்கும் காய்ந்த கைக்கும் இப்படியாக வழி பிறந்துவிடுகிறது.

மீதி வேலை கணக்கு. ஒருவரும் தொடாதபோது காமிரா கண்ட படத்தை நினைவில் வைத்துக்கொண்டு, பின்னால் வரும் ஒவ்வொரு படத்திலிருந்தும் அதைக் கழிக்க வேண்டும். மிஞ்சும் வெளிச்சப் புள்ளிகளே விரல்கள். ஒவ்வொரு புள்ளியின் நடுவிடத்தையும் கண்டு, முந்தின படத்தில் அதற்கு மிக அருகே இருந்த புள்ளி எதுவோ அதுவே இது என்று பெயரிட்டுத் தொடர வேண்டும். காமிரா வினாடிக்கு 30 படம் எடுத்தால் போதும். இதற்கான புரோகிராம்களைப் பலர் எழுதி, எவரும் விலையின்றி எடுத்தாளும்படி உலகுக்கு வழங்கியிருக்கிறார்கள். ஸ்பெயின் தேசத்துப் பார்ஸிலோனாவில், மேஜைமேல் கட்டைகளை நகர்த்திச் சங்கீதம் எழுப்பும் ஒரு வாத்தியத்துக்காக எழுதியது அவற்றில் ஒன்று. நம் மாநிலத்தில் 2011 முதல் அரசாங்கம் மாணவர்களுக்கு இலவசமாக அளித்த மடிக்கணினி போன்ற சிறிய யந்திரமும் இந்தக் கணக்கைப் போட்டுவிடும்.

மரக்காணத்தில் இதைச் செய்ய முயல்பவருக்கு இரண்டு விரோதிகள் உண்டு. ஒன்று சூரியன். கடல்நீரை உப்பாக்கித் தரும் அதே வெயிலில் அகச்சிவப்பு ஏராளம். திறந்த வெளியில் வைத்தால் காமிராவுக்குக் கண் கூசி, விரல் எதுவும் தெரியாது. பழைய இழை பல்பும் இதே தொல்லையைத் தரும். ஆகவே ஓலைக் கொட்டகையின் நிழல்கூடப் போதாது. நாற்புறமும் அடைத்த அறை வேண்டும், அல்லது பொழுது சாய்ந்த பிறகு விளையாட வேண்டும். மற்றொன்று உப்புக் காற்று. ஈயம் வைத்துப் பற்றவைத்த இணைப்புகளை ஒரு பருவத்துக்குள் அது பச்சை பூக்க வைத்துவிடும். ஒவ்வொரு இணைப்புக்கும் வார்னிஷ் பூசிவிட வேண்டும். உவர்நீர் பலகையில் சொட்டி நின்றால் அந்தச் சொட்டும் விரல்போல் ஒளிரும். ஆனால் விரல் நகரும், சொட்டு நகராது. சில வினாடி அசையாத புள்ளியைக் கணக்கிலிருந்து தள்ளிவிடச் சொன்னால் தீர்ந்தது.

இவ்வளவு சிரமம் எதற்கு, கடையில் செல்போன் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. மலிவுதான், மறுக்கவில்லை. மரக்காணத்திலிருந்து சில மணி நேரப் பிரயாணத்தில் உள்ள ஸ்ரீபெரும்புதூரில் நம் பெண்களின் கைகளே உலகத்துக்கெல்லாம் செல்போனைப் பூட்டி அனுப்புகின்றன. ஆனால் திரைகள் பெரும்பாலும் கிழக்காசியாவிலிருந்து மூடிய பெட்டியில் வருகின்றன. பூட்டுகிறவருக்கும் அதனுள்ளே இருப்பது ரகசியம், வாங்குகிறவருக்கும் ரகசியம். அந்தக் கண்ணாடி ஒரு விரலை ஏற்க மறுத்தால், குற்றம் விரலினுடையது என்றே இருவரும் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த நினைப்புத்தான் நமக்குச் சகிக்கவில்லை.

விரல் குற்றவாளிக் கூண்டில் நிற்கும் வேறோர் இடமும் உண்டு. 2020 அக்டோபர் முதல் நம் மாநிலத்து நியாயவிலைக் கடைகளில் கைரேகை பார்த்து அரிசி வழங்கும் ஏற்பாடு வந்தது. கைரேகைக் கருவிகள் பலவற்றிலும் வேலை செய்வது நமது தம்ளர்த் தத்துவமேதான். ரேகையின் மேடு ஒட்டிய இடத்தில் ஒளி மாறுகிறது, பள்ளத்தில் மாறுவதில்லை. மேடும் பள்ளமும் உப்பில் தேய்ந்து சமமாகிவிட்ட விரலை அது என்ன செய்யும்? 'நீ நீயல்ல' என்று திருப்பி அனுப்புகிறது. கண்ணின் கருவிழியைப் பார்த்து அடையாளம் காணும் கருவிகளும் பின்னர் வந்திருக்கின்றன, நல்லதே. ஒரே ஒளி, ஒரே கண்ணாடி. அங்கே அது 'இது யாருடைய விரல்?' என்று கேட்கிறது. நாம் சொன்ன பெட்டியிலோ 'விரல் எங்கே?' என்று மட்டும் கேட்கிறது. இரண்டாவது கேள்விக்கு உப்பளத்துத் தொழிலாளி பதில் சொல்ல முடியாமல் போவதே இல்லை. கருவி என்ன கேட்க வேண்டும் என்பதைக் கருவியைச் செய்கிறவர் தீர்மானிக்கிறார். செய்து பார்த்த பிள்ளைக்கு இது சொல்லாமலே விளங்கும். வாங்கி மட்டும் பழகியவருக்கு எவ்வளவு சொன்னாலும் விளங்குவது கடினம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. செல்போன் ஒருவருக்கான கண்ணாடி. அடுத்தவர் எட்டிப் பார்த்தால் நமக்குக் கோபம் வருகிறது. பெட்டிமேல் படுக்க வைத்த இந்தத் திரையோ நாலு பேர் சுற்றி உட்காரும் கோலப் பலகை போன்றது. நான்கு திசையிலிருந்தும் எட்டுக் கைகள் ஒரே சமயத்தில் தொடலாம், ஒன்றையொன்று தடுக்காது. கழுவெளி ஏரியும் பக்கிங்ஹாம் கால்வாயும் உப்புப் பாத்திகளும் அடங்கிய படம் ஒன்றை அதில் விரித்து, கடல்நீர் எந்தப் பாத்தியில் எவ்வளவு செறிந்தால் உப்பு விளையும் என்பதைப் பிள்ளைகள் விரலால் நீரைத் திருப்பிப் பார்க்கலாம். இந்த விளையாட்டில் வாத்தியாரைவிட அவர்களுடைய தாய் தந்தையருக்கே விஷயம் அதிகம் தெரிந்திருக்கும். அவர்களையும் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும். கையைத் துடைத்துக்கொண்டு வா என்று ஒருவரும் அவர்களிடம் சொல்ல வேண்டியதில்லை.

வேலை ஆரம்பிக்கத் தகுந்த காலம் ஐப்பசி. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் பாத்திகள் வெள்ளத்தில் மூழ்கிவிடும். தை வரை வாரும் பலகைக்கு வேலையில்லை. வானமும் மூடியிருப்பதால் காமிராவுக்குக் கண் கூசாது. ஓரம் தேய்ப்பதற்குக் கைகள் நிறைய வேண்டும்; அவசரமில்லாத கைகளாகவும் இருக்க வேண்டும். பலகையை முடித்த பிறகு துடைப்பதற்கு ஸ்பிரிட் போன்ற திராவகம் உதவாது, அக்ரிலிக் விரிசல் விட்டுவிடும். குடிநீரில் நனைத்துப் பிழிந்த பழைய வேட்டித் துணியே போதும்.